தரகரின் பிளாஸ்டிக் குடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் நாங்கள் வீடு தேடி அலைந்தபோது வாய்த்த தரகருக்கு மருதாணிச் சிவப்பில் தாடி. எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய சைக்கிள் கேரியரில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் குடம் கட்டியிருக்கும்.

சேலம் ரோட்டின் மேலேயே இருந்த ஒரு வீடு எனக்கு உடனே பிடித்துவிட்டது. வாசலிலேயே பஸ் ஏறலாம். என் மனைவி மட்டும் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டாள். தண்ணீர்க் குழாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாய் என்னை அங்கே அழைத்துப்போய்க் குடத்தை நிரப்பினார்.

“இதத் தூக்கிட்டு வூட்டு வரைக்கும் வாங்க சார்.”

“நானா? தண்ணி எடுக்கப் போறது அவதானுங்களே பாய்?”

“அதுக்குத்தாங்க உங்களத் தூக்கச் சொல்றேன். வூடு புடிச்சிருக்குன்னு சொன்னது நீங்கதானே?”

லாரிகள் விடாமல் வந்தன. பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, கடைசியில் ஓடித்தான் கடந்தேன். பாதித் தண்ணீர் என் சட்டையில் இருந்தது.

உள்தெருவில் வேறு வீடு வாங்கினோம். அங்கே குழாய் வாசலிலேயே இருந்தது. ஆனாலும் குடம் தூக்கியது அவள்தான். அதற்குப் பிறகு பாய் எதிரே வந்தபோதெல்லாம், என் சட்டை நனைந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பதாகவே எனக்குத் தோன்றும்.