சிரித்தால் திறக்கும் கதவு

பெரிய கேளிக்கைப் பூங்காவின் பின்பக்கத்தில், வருகிறவர்கள் கண்ணில் படாத ஓர் அறையில், கரடி வேடத்துக்கான பொய்த் தலைகளைச் சுத்தம் செய்வதுதான் அவள் வேலை. பூங்காவை நடத்தும் நிறுவனத்தின் கார்ட்டூன் படத்தில் வரும் கரடி ஒன்றே ஒன்று. பூங்காவில் அதற்குத் தலை ஆறு. ஆள் மாற்றி ஆள் உள்ளே நுழைந்து வியர்த்துவிட்டுப் போவார்கள். அவள் உட்புறத்தைத் துடைத்து, மருந்து தெளித்து, சாயங்காலம் ஊழியர் வாசல் ஓரத்தில் காயவைப்பாள். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் 'தலையக்கா'.

பற்பசை முதல் படுக்கை விரிப்பு வரை ஊரெல்லாம் அந்தக் கரடிதான் சிரித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பையிலும் அதுவே வேண்டும் என்று மகள் அடம்பிடித்தபோது, "அது தலைக்குள்ள என்ன நாத்தம் நாறும்னு உனக்குத் தெரியாதுடி" என்றாள். ஆனாலும் வாங்கிக் கொடுத்தாள். "கரடி கொடுத்த சம்பளத்தைக் கரடியே வாங்கிக்கிட்டுப் போகுது" என்று கணவனிடம் சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்புக்கு அவளிடம் பஞ்சமில்லை. அதனால், ஊழியர் வாசலில் நிறுவனம் ஒரு கேமராவை மாட்டி, அதைப் பார்த்துச் சிரித்தால்தான் கதவு திறக்கும் என்றபோது அவள் அலட்டிக்கொள்ளவில்லை. சிரிப்புக்கு அது போடும் மதிப்பெண் நூற்றுக்கு எழுபது வந்தால் போதும். காவலாளிக்குத்தான் தினமும் திண்டாட்டம்; மனிதர் பிறவி உம்மணாமூஞ்சி.

ஒரு திங்கட்கிழமை காலை, கடைவாய்ப்பல் வலியில் அவள் கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. கேமராவிடம் பல்லைக் காட்டினாள். 'பதினெட்டு' என்றது அது. பின்னால் வரிசை நீண்டது.

"அக்கா, நேரமாகுது. கொஞ்சம் இளிச்சுத் தொலைங்களேன்!"

"இளிக்க முடிஞ்சா இங்க ஏன்டா நிக்கிறேன்?"

ஆத்திரத்தில், காய்ந்துகொண்டிருந்த தலை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். 'நூறு' என்றது கேமரா. கதவு திறந்தது.

அப்புறம் கேட்கவா வேண்டும்? பல்லை மூன்றாம் நாளே பிடுங்கியாயிற்று. தலைப் பழக்கம்தான் வாசலை விட்டுப் போகவில்லை. தூக்கம் கலையாதவர்கள், வீட்டில் சண்டை போட்டு வந்தவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டு நுழைந்து, பின்னால் நிற்பவரிடம் தூக்கிப் போட்டார்கள். காவலாளி வாழ்க்கையிலேயே முதல்முறையாக நூறு வாங்கினார். மூன்றே மாதத்தில், நிறுவனத்தின் பூங்காக்களிலேயே மகிழ்ச்சியான ஊழியர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று தலைமை அலுவலகம் கண்டுபிடித்தது. ரகசியத்தை அறிய ஓர் அதிகாரியம்மா விமானம் ஏறி வந்தார்.

கேமராவை வாங்கச் சொன்னதே அவர்தானாம். பயணக் களைப்போடு நேரே ஊழியர் வாசலில் வந்து நின்றார். முப்பத்தொன்று. மறுபடி முயன்றார். இருபத்தாறு. கூட வந்த மேலாளர் கையைப் பிசைந்தார். வேலை போனால் போகட்டும் என்று தலையக்கா ஒரு கரடித் தலையை எடுத்து நீட்டினாள்.

"இதப் போட்டுக்குங்க மேடம். நாங்க எல்லாரும் இப்படித்தான் வர்றோம்."

மேலாளரின் முகம் வெளுத்தது. அதிகாரியம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டார். கதவு திறந்தது. அவர் நகரவில்லை, தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று தலையக்கா பயந்துபோனாள். உள்ளிருந்து வந்தது சிரிப்புச் சத்தம்.

"இத நான் அறிக்கையில எழுதினா முதல்ல என் வேலைதான் போகும்" என்றார் அவர், கரடிக்குள்ளிருந்தே.

அடுத்த மாதம் 'தொழில்நுட்பக் காரணங்களால்' கேமராவைக் கழற்றினார்கள். மகிழ்ச்சிக்கான கேடயம் மட்டும் தவறாமல் வந்துசேர்ந்து, மேலாளரின் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது கதவில் விரலை வைத்தால் போதும். எல்லாரும் நிம்மதியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டே உள்ளே போகிறார்கள்.