நாய்களிடம் மட்டும் பேசிய மொழி

கரிமூட்டம் பிரிக்கிற நெடி திருச்சுழி ரோட்டில் பஸ்ஸுக்குள்ளேயே ஏறிவரும். மண்ணுக்கடியில் நாள்கணக்காய் வெந்த சீமைக்கருவேலத்தின் மேல் தண்ணீர் ஊற்றும்போது எழுவது அது. ஈரமும் சாம்பலுமாய் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நான் பொத்துவதில்லை. அந்த நெடியோடு எனக்கு ஒரு குரல் கேட்கும். அதட்டும், கொஞ்சும், தனக்குத்தானே சிரிக்கும். தமிழில் அல்ல.

எதிலும் நிலைத்து நிற்காதவள் நான். தையலைப் பாதியில் விட்டேன், வீணையைப் பாதியில் விட்டேன். நாற்பதைத் தாண்டி, அழிந்துகொண்டிருக்கும் பூர்வகுடி மொழி ஒன்றைப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பினேன். தபால்வழிப் படிப்பு. மொழியை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். அந்தமான் தீவுகளை நினைத்தேன், நீலகிரிச் சரிவுகளை நினைத்தேன். தூரத்தில் ஒன்று சாகும்போது அதில் ஓர் அழகு தெரிகிறது.

அப்போது பாளையம்பட்டி ஓரத்தில் குடியிருந்தேன். பின்பக்கக் காலி மனையைத் தாண்டி ஒரு தகரக்கூரை வீடு. அதில் ஒரு தாய், கல்யாணமாகாத மகள், இரண்டு நாய்கள். தாய் குத்தகைக் காட்டில் கருவேலம் வெட்டி மூட்டம் போடுவாள். மகள் நூல் மில்லுக்குப் போவாள். மகளிடம் தமிழ் பேசுகிற தாய், நாய்களிடம் மட்டும் வேறொன்றைப் பேசினாள். வேலை முடிந்து வந்து, மகள் மில்லிலிருந்து திரும்புமுன், அவற்றின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, அன்றைய பொழுது முழுவதையும் சொல்வாள்.

"இது என்ன பாஷைம்மா?" என்று வேலியோரம் நின்று கேட்டேன்.

"நாய்ட்டப் பேசுறதுக்கு எவன் பேரு வைப்பான் தாயி?"

பெயர் இருந்தது. மகள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. நான் படிக்க விரும்புவதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "இதப் படிச்சு என்னக்கா செய்யப் போறீக? எங்கப்பாவ இந்தப் பேச்சுக்குத்தேன் போலீசு தூக்கிட்டுப் போனாக. டீக்கடையில நின்னு மாமாகூடப் பேசிக்கிட்டு இருந்திருக்காரு. திருட்டுப் பாஷைன்னுட்டாக."

போனவர் திரும்பி வந்தார், நிமிர்ந்து நடக்கிறவராக வரவில்லை. அவர் செத்த பிறகு அந்தப் பேச்சைத் தாய் பிள்ளையின் காதில் விழாமல் பார்த்துக்கொண்டாள். பேசாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. நாய்கள் யாரிடமும் போய்ச் சொல்லப் போவதில்லை.

கடைசியில் எனக்குச் சில சொற்கள் கிடைத்தன. அவள் காட்டில் தங்குகிற நாட்களில் நாய்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டுமே, அதற்காக. வா. இரு. தின்னு. போ. சத்தம் போடாதே. அதற்கு மேல் கேட்டால், "நாய்க்கு உள்ளது ஒனக்குப் பத்தாதாக்கும்?" என்பாள்.

ஒரு காலையில் மூட்டத்தின் பக்கத்திலேயே விழுந்தாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வாய் திறந்தது, ஆனால் தமிழ் இல்லை. சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். மகள் எனக்குப் போன் போட்டாள். "அக்கா, அம்மா என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கு. வெளங்கல. வந்து கேட்டுச் சொல்லுங்கக்கா."

போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினாள். நிறுத்திப் பதிலுக்குக் காத்திருந்தாள். மறுபடியும் பேசினாள்.

"என்னக்கா?"

"வான்னு சொல்றது தெரியுது. தின்னுன்னு சொல்றதும் தெரியுது."

"யார வரச் சொல்லுது?"

அது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வீரசோழன் பக்கத்திலிருந்து தாயின் தம்பி வந்தார், டீக்கடையில் அன்று கூட நின்ற மாமா. பக்கத்துக் கட்டிலில் ஒரு கைதியைப் படுக்கவைத்து, கால்மாட்டில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். மாமாவின் கண் முதலில் அங்கேதான் போனது. அக்காள் பேசப் பேசக் குனிந்து கேட்டார். கண் நிறைந்துவிட்டது. பிறகு வார்டுக்கே கேட்கிற மாதிரி தமிழில் சொன்னார்: "சரிக்கா. எல்லாம் சரியாப் போகும்க்கா." அவள் அவருடைய வாயையே பார்த்தாள். திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். அவர் திரும்பவும் தமிழில் சொன்னார்.

மகள் அவரை வெளியே இழுத்து வந்தாள். "என்ன மாமா சொல்லுச்சு?"

"தண்ணி கேக்குறா."

"இம்புட்டு நேரமும் தண்ணியா மாமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "பொழச்சு வந்தா அவளே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மகள் கட்டிலில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அப்போது தாய் ஒரே ஒரு சொல் சொன்னாள். ரோட்டில் வண்டி வந்து நின்றால் நாய்களிடம் சொல்வது.

"இது தெரியும்மா. சத்தம் போடாதேங்குது" என்றேன் மகளிடம்.

"இது எனக்கும் தெரியும்க்கா" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "சின்னப்புள்ளையில, ஜீப்பு வந்தா என் வாயப் பொத்திக்கிட்டுச் சொல்லும்."

அதற்குப் பிறகு அவள் சத்தமாய் அழவில்லை. தாய் பேசிக்கொண்டே இருந்தாள். நாங்கள் இருவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தோம். அந்த வாரம் முடிவதற்குள் பேச்சு நின்றது, மூச்சும்.

வீரசோழனுக்கு நான் ஒருமுறை போய்வந்தேன். மாமா டீ வாங்கிக் கொடுத்தார். "அதெல்லாம் மறந்துபோச்சு தாயி" என்றார். படிப்புக்கு நான் எந்த மொழியையும் எழுதி அனுப்பவில்லை.

மகளுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் நாய்களுக்கு இடமில்லை. கிளம்புகிற அன்று என் வாசலில் நின்று தமிழில் அவற்றைக் கூப்பிட்டாள். இரண்டும் காதைக்கூட அசைக்கவில்லை. 'வா' என்பதற்கு அவள் அம்மா சொல்லும் அந்தச் சொல்லை நான் சொன்னேன். எழுந்து வந்தன. அவள் குனிந்து இரண்டின் தலையையும் தடவினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போனவள் நின்றாள்.

"அதுகளுக்குத் தமிழ் வெளங்காது, நீங்களே வச்சுக்கங்க. கூப்புடும்போது மட்டும் சத்தமாக் கூப்புட்டுறாதீகக்கா."