கமா விட்டுப்போன மூன்று சொல்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது. தங்கை போனபின் அவளுடைய இரண்டும் என்னிடமே வளர்ந்தது. ஆறு பேருக்கும் இங்கிலீஷ் தெரியும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன், என் பெயரை எழுதுவேன், மற்றதெல்லாம் எழுத்துக்கூட்டித்தான். ஆனால் குர்ஆன் ஓதுவதில் எங்கள் தெருவில் என்னைத் திருத்த ஆள் கிடையாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஓதும்போது எங்கே நிற்பது, எங்கே நிற்கக்கூடாது என்று வரிக்கு மேலே சின்னச் சின்ன அடையாளம் இருக்கும். மீம் என்ற அரபு எழுத்து இருந்தால் நின்றே ஆகவேண்டும். லா இருந்தால் மூச்சு முட்டினாலும் தாண்டிப் போகவேண்டும். சின்ன வயதில் எனக்கு ஓதிக்கொடுத்த ஆசிரியை அம்மா கையில் விசிறிக்காம்பு வைத்திருப்பார்கள். தப்பான இடத்தில் நின்றால் முட்டியில் ஒன்று விழும். "அல்லா சொல்லாதத நீ சொல்லிட்ட, திரும்ப ஓது" என்பார்கள். பொருள் எனக்கு முழுக்கத் தெரியாது. நிற்கிற இடம் தெரியும்.

என் இடது கண் சின்ன வயதில் அம்மையில் போய்விட்டது. வலது கண்ணில் இப்போது புரை. வியாழக்கிழமை தஞ்சாவூரில் ஆப்பரேஷன் என்று தேதி கொடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இரண்டு கண் உள்ளவருக்கு அப்படிச் சொல்லலாம். எனக்கு இருப்பது ஒன்று. அதில் கை வைக்குமுன் கடைசி மகனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மனசில் விழுந்துவிட்டது. அவன் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். போன தடவை வந்தபோதே அவன் முகம் எனக்குப் புகையாகத்தான் தெரிந்தது. புகையானாலும் பரவாயில்லை, வரட்டும் என்றேன்.

திங்கட்கிழமை காலையில் அவனிடமிருந்து போனில் குரல் வந்தது. "அம்மா, லீவு கெடைக்கல. நீங்க தேதிய மாத்தாதீங்க, போயி பண்ணிக்குங்க." கூடவே மேனேஜர் அனுப்பிய மெசேஜையும் அனுப்பியிருந்தான். மூன்றே சொல். நோ லீவ் நவ்.

அன்றைக்கு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உலையில் உப்பைப் போட்டேன், மறந்துபோய் இன்னொரு தடவையும் போட்டேன். கொல்லைக்குப் போனேன், வாசலுக்கு வந்தேன். எதிரில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. அந்த இரைச்சல் கூடக் காதில் குத்தியது. என்னோடு இருக்கிற பெரிய மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சர்வேயர் வேலையா பாக்குறீங்க? காலையிலேருந்து வீட்ட அளந்துகிட்டே இருக்கீங்க. ஒரு எடத்துல உக்காருங்கம்மா."

"ஒன் தம்பி வரட்டும், உக்காருறேன்."

"அதான் இல்லேன்னுட்டாங்களே."

செவ்வாய்க்கிழமை மதியம் தொழுதுவிட்டு எழுந்தேன். அந்த மூன்று சொல் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. காலேஜில் இங்கிலீஷ் படிக்கிற பேத்தியைக் கூப்பிட்டேன். பெரிய மகளின் மகள்.

"அந்த மெசேஜ படி."

"லீவு இல்லையாம், நன்னி. எத்தன தடவ?"

"அர்த்தம் கேக்கல. ஓது."

"நோ லீவ் நவ்."

"எங்க நின்ன?"

"எங்கயும் நிக்கல. ஒரே ஓட்டம்தான்."

"நிக்கிறதுக்கு அடையாளம் போட்டிருக்கா?"

"கமாவும் இல்ல, புல்ஸ்டாப்பும் இல்ல. போன்ல யாரு நன்னி அதெல்லாம் போடுறா?"

தமிழில் புள்ளி எழுத்தின் தலையில் இருக்கும். இங்கிலீஷில் அது காலடியில் விழுந்து கிடக்கிறது, அதனால்தான் இவர்கள் மதிப்பதில்லை போலிருக்கிறது. "சரி, இதுக்கு முன்னாடி ஒன் மாமா என்ன கேட்டான்? கேள்விய பாக்காம பதில எப்படி ஓதுறது?" என்றேன். அவன் பதிலை மட்டும்தான் அனுப்பியிருந்தான். பேத்தி கேட்டு வாங்கினாள். ஐயா, வியாழக்கிழமை அம்மாவுக்கு ஆப்பரேஷன், ஊருக்குப் போக, கையிலிருக்கிற வேலை முடியும்வரை நான் காத்திருக்கவா என்று கேட்டிருக்கிறான். அதற்குக் கீழேதான் அந்த மூன்று சொல்.

பேத்தி வாய்க்குள்ளேயே ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு முதல் சொல்லில் நின்றாள். "நோ. லீவ் நவ்." என் முகத்தைப் பார்த்தாள். "நன்னி, லீவ்னா லீவு மட்டும் இல்ல. கெளம்புன்னும் அர்த்தம் இருக்கு. காத்திருக்க வேண்டாம், இப்பவே கெளம்புன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாமா, சொல்லியிருக்காரா?"

"கமா இருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப ரெண்டுமே சரி."

நமக்கு லீவு என்றால் லீவுதான். பள்ளிக்கூடத்திலிருந்து ஆபீஸ் வரை அந்தச் சொல்லை நாம் வேறு எதற்கும் வைத்ததில்லை. படித்த பிள்ளை என் மகன். அவனுக்கும் அதுதான் முதலில் தோன்றியிருக்கிறது.

அவனுக்குப் போன் போட்டோம். தயங்கினான். "மறுபடி கேட்டா கோச்சுக்குவாரும்மா. அவரு அதிகம் பேச மாட்டாரு."

"ஓதுறதுல சந்தேகம் வந்தா திரும்பக் கேக்கலாம். நானே முட்டியில அடி வாங்கிட்டு கேட்டிருக்கேன். கேளு."

பேத்திதான் எழுதிக் கொடுத்தாள், நிற்கிற இடமெல்லாம் அடையாளம் வைத்து. "இனிமேயாவது கமா போடச் சொல்லி ஒரு வரி சேத்துக்க" என்றேன். "அவரு மேனேஜர், நன்னி. ஒங்க பேரன் இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் அஸர் தொழுகை வரை நான் அளந்த அளவு எந்தச் சர்வேயரும் அளந்திருக்க மாட்டார். மகளும் அடுப்பை அணைப்பதும் பற்றவைப்பதுமாக இருந்தாள். போன் கத்தியதும் மூன்று பேரும் ஒன்றாக ஓடினோம். பேத்தி படித்தாள். வேண்டாம், கிளம்பு என்றுதானே சொன்னேன், இன்னும் ஏன் போகவில்லை என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். இந்தத் தடவை கமா இருந்ததாம். காட்டச் சொன்னேன். கண்ணருகில் வைத்துப் பார்த்தேன். சின்ன வால் மாதிரி ஏதோ இருந்தது. இல்லை, என் புரைதானோ என்னவோ.

இன்றைக்குப் புதன்கிழமை. விடிந்ததும் திருச்சியில் இறங்கிவிட்டான் என்று செய்தி வந்தது. தஞ்சாவூர் தாண்டிவிட்டான் என்று அடுத்த செய்தி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. போன் கிடைக்கவில்லை. நான் மறுபடி எழுந்து நடந்தேன். நடந்துகொண்டே இருந்தால் நாளைக்குப் படுக்க உடம்பில் தெம்பு இருக்காது என்று சொல்லி, பேத்திதான் என்னை உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றாள். சொல்லிவிட்டேன்.

நாளைய ஆப்பரேஷனுக்காகக் காலையிலிருந்து உன் அம்மா என் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறாள். உன் எழுத்து எனக்குத் தெரியாதம்மா. முதலிலிருந்து வாசி. ஓடாதே, நிற்கிற இடத்தில் நின்று வாசி. வாசலில் கார் சத்தம் கேட்டால் மட்டும், எந்தச் சொல்லில் இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடு.