அடுத்த தெரு டாக்டரம்மாவின் மருந்து

தெருவில் எல்லோருக்கும் அவர் சீனி டாக்டர். ஹோமியோபதி உருண்டை கொடுப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இருபது வருஷமாக அதே அறை, அதே மேசை, முதுகுக்குப் பின்னால் குப்பிகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று மனைவி கேலி செய்வாள். இன்னொரு டாக்டரைப் பற்றி அவர் குறை பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. உச்சுக் கொட்டினார், அவ்வளவுதான்.

ஒரு தாய் தன் மகளின் கைகளை நீட்டிக் காட்டினாள். "அடுத்த தெரு டாக்டரம்மாகிட்ட பத்து நாளா பாக்குறோம். குறையும்னாங்க, அரிப்பு இப்படி ஏறிப்போச்சு. இந்த மருந்து சரிதானா டாக்டர்?"

குப்பியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவராக இருந்தாலும் அதையேதான் கொடுத்திருப்பார். முதலில் கொஞ்சம் ஏறி, அப்புறம் தணியும் என்பது டாக்டரம்மாவும் அவரும் படித்த ஹோமியோபதிப் பாடம். "அவங்களையே போய்ப் பாரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன். டாக்டரம்மா பலகை மாட்டியதிலிருந்து இவருடைய பெஞ்சு பாதி காலி.

உச்சுக் கொட்டிவிட்டு, மருந்தே சேர்க்காத வெறும் சீனி உருண்டைகளைக் கொடுத்தனுப்பினார். முன்னால் கொடுத்த மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருக்கும்போது அவர்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

மூன்றே வாரத்தில் கைகள் பளிச்சென்று ஆகிவிட்டன. தாய் போகிற இடமெல்லாம் தமுக்கடித்தாள். பெஞ்சு நிரம்பி வழிந்தது. அவருக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

"கூட்டம் வந்தா சந்தோஷப்படுவாங்க. நீங்க ஏன் எதையோ பறிகொடுத்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி. அவளிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் டாக்டரம்மாவே வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று இவர் நினைத்தார். வந்தவர் கையில் ஒரு நோட்டு.

"தப்பா நினைக்காதீங்க சார். அந்தப் பொண்ணு விஷயத்துல நான் எங்க கோட்டை விட்டேன்னு தெரிஞ்சுக்கணும். நீங்க என்ன மருந்து குடுத்தீங்க?"

பெஞ்சு முழுக்க ஆட்கள், எல்லோர் காதும் இங்கேதான். அவர் பின்னால் திரும்பினார். அலமாரியில் முதலில் கண்ணில் பட்ட குப்பியின் பெயரைச் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டு, தன் மருந்தின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். "ரொம்ப நன்றி சார். இதே மாதிரி இன்னும் ரெண்டு குழந்தைங்க என்கிட்ட வருதுங்க. இன்னிக்கே மாத்திடறேன்."

டாக்டரம்மா செருப்பை மாட்டி, படியிறங்கி, தெருமுனை திரும்புகிறவரை கூப்பிட நேரம் இருந்தது. சீனி டாக்டர் பெஞ்சில் அடுத்து இருந்தவரை உள்ளே கூப்பிட்டார்.