படகில் குடியிருந்த அண்ணாவுக்கு ஒரு பாலிசி

என் அண்ணா படகில் குடியிருந்தார். மந்தைவெளியில் இதைச் சொன்னால் முதல் தடவை யாரும் நம்பமாட்டார்கள். முப்பது வருஷம் கப்பல்களில் என்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏலத்துக்கு வந்த பழைய மரப்படகு ஒன்றை வாங்கி, அடையாறு கடலில் சேரும் இடத்தில், மீனவர் குப்பத்தை ஒட்டிக் கட்டிப்போட்டிருந்தார். உள்ளே ஒரு கட்டில், ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு டிரான்சிஸ்டர். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்தால் கடலுக்குள் ஒரு சுற்றுப் போய்வருவார். மற்ற மாதங்களில் ஆறு நாறும். "கரையில இருக்கிறவாளுக்குத்தான் நாத்தம். தண்ணியில இருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்பார்.

1994 கோடையில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து இறந்துபோனார். வைத்தியச் செலவுக்கு அவர் வீட்டை விற்கவேண்டி வந்தது. அந்தத் துக்கம் கேட்டுவிட்டு வந்த நாளில் அண்ணா என்னிடம் சொன்னார்: "டேய், எனக்கு ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் பாத்துக் குடு. நீதான் காகித ஆசாமி. ஆஸ்பத்திரிக்குன்னு பாங்கில ஒரு தொகை போட்டு வெச்சிருக்கேன். இன்சூரன்ஸ் வந்துடுத்துன்னா அதை எடுத்துப் படகுக்குப் புது என்ஜின் போட்டுடுவேன்."

காகித ஆசாமி என்றது என் டயரிகளுக்காக. கல்லூரி நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதிவருகிறேன். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது, வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன படித்தேன் என்று எல்லாம் இருக்கும். வருகிற கடிதங்களை உறையிலிருந்து எடுத்ததும், மூலையில் வந்த தேதியை எழுதிவிட்டுத்தான் படிப்பேன்.

தி.நகரில் இருந்த இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் ஃபாரத்தைப் பார்த்தார்.

"வீட்டு விலாசம் காலியா இருக்கே?"

"அவர் படகில இருக்கார்."

"படகுன்னா மரைன் செக்‌ஷன். மாடிக்குப் போங்க."

மாடியில் இருந்தவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "என்ன சரக்கு?"

"சரக்கு இல்லை, சார். ஆள்."

"எத்தனை ஆள்?"

"ஒருத்தர். எங்க அண்ணா."

"மூழ்கினா படகுக்குக் குடுப்போம் சார். அண்ணாவுக்குக் கீழேதான் கேக்கணும்."

இப்படி மூன்று முறை ஏறி இறங்கினேன். கடைசியில் கீழே இருந்தவர் தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். இரண்டு மாதம் ஆகியும் பதில் வரவில்லை.

மேற்கு மாம்பலத்தில் ஒரு ஏஜென்ட் அம்மாள் இருந்தார். என் மனைவியோடு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, பிறகு இந்த வேலைக்கு வந்தவர். அவரைக் கூப்பிட்டனுப்பினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏன் சார் ஊரைச் சுத்தறேள்? அவர் உங்க அண்ணாதானே? உங்காத்து விலாசத்தைப் போடுங்கோ. யாரு வந்து பாக்கப்போறா?"

"அது பொய் இல்லையா?"

"தபால் வந்தா வாங்கிக் குடுப்பேளா, மாட்டேளா? அவ்வளவுதான் விலாசம்."

எழுதினேன். எங்கள் வீட்டுக் கதவு எண், தெரு, மந்தைவெளி. பேனாவை எடுத்த பிறகும் அந்த வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த பக்கத்தில், இதற்கு முன் வந்த நோய்கள் என்று ஒரு கட்டம். அண்ணா வெறும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார், மிச்சத்தை நீயே நிரப்பிக்கொள் என்று. எனக்கு உடனே நினைவு வந்தது. முந்தைய பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்தில் அண்ணா மயங்கி விழுந்தார். எங்கள் தெரு டாக்டர் ரத்த அழுத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று பதினைந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். அண்ணா ஐந்து நாள் சாப்பிட்டுவிட்டு விட்டுவிட்டார். டயரியை எடுத்துவந்து, தேதி, மாத்திரையின் பெயர், டாக்டர் சொன்ன எண்கள் எல்லாவற்றையும் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் அடக்கினேன்.

ஏஜென்ட் அம்மாள் எட்டிப் பார்த்தார். "சார், இதை எழுதத்தான் வேணும்னா முதல்ல உங்க அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கோ. வேற டாக்டர்கிட்ட காமிச்சு, இப்போ ஒண்ணுமில்லைன்னு சர்டிபிகேட் வாங்கி, அதையும் சேர்த்துக் குடுக்கலாம். வெறுமனே இப்படி எழுதினா ஹார்ட்டையே கழிச்சுடுவா."

"நடந்தது நடந்ததுதானே?"

"கதவு நம்பர்ல காமிக்காத சத்தியத்தை இங்கே வந்து காமிக்கறேளே!"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நான் செய்தது அதுதான். மேலே எழுதிய பொய்க்குக் கீழே ஓர் உண்மையைச் சொல்லி நேர் செய்துகொண்டேன். அண்ணாவைக் கேட்கவில்லை. மந்தைவெளியிலிருந்து படகுக்கு நடந்தே போய்விடலாம்.

ஆவணியில் பாலிசி வந்தது. வழக்கம்போல மூலையில் தேதி எழுதிவிட்டுப் படித்தேன். கடைசியில் தட்டச்சு செய்த ஒரு வரி தனியாக இருந்தது: ரத்த அழுத்தம், இருதயம் தொடர்பான சிகிச்சைகளுக்கு இந்தப் பாலிசி பொருந்தாது. அதை இரண்டு முறை படித்தேன். அண்ணாவிடம் சொன்னால், எப்படி வந்தது இந்த வரி என்று கேட்பார். அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது சர்டிபிகேட் வைத்து அந்த வரியை எடுக்கச் சொல்லலாம் என்று நினைத்து ஃபைலில் வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் படகுக்குப் போய், "பாலிசி வந்தாச்சு, கவலை இல்லை" என்றேன். இந்த வார்த்தைகளை நான் டயரியிலேயே எழுதிவைத்திருக்கிறேன். தட்டச்சு வரியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அண்ணா பாங்கில் இருந்ததை எடுத்துப் புது என்ஜின் போட்டார். அதை முதலில் ஓட்டிய நாளில் எனக்குப் பாயசம் கொடுத்தார், டீசல் வாசனையோடு.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது குப்பத்துக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். அண்ணாவின் படகுக்குப் பக்கத்தில் கட்டுமரம் வைத்திருந்தவர்.

"சார், உன் அண்ணன் மாரைப் புடிச்சிக்கினு குந்திட்டாரு. வேர்த்துக் கொட்டிச்சு. ஆட்டோவுல ஏத்தி அடையார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். என் மச்சான் கூட போய்க்கினு கீறான். நீ ஓடு சார்!"

மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பில்லையும் பாலிசியையும் சேர்த்து அனுப்பினேன், பதில் என்ன வரும் என்று தெரிந்தே. அதே தட்டச்சு வரியை மேற்கோள் காட்டி மறுத்துவிட்டார்கள். பில்லைக் கட்டுவதற்குப் படகை விற்றோம், புது என்ஜினோடு. வாங்கியவர் அதை வடக்கே ஓட்டிக்கொண்டு போனபோது அண்ணா எங்கள் வீட்டு முன்னறையில் படுத்திருந்தார். அந்த அறை அவருக்கு என்றாகிவிட்டது. துணி காயப்போடும் கொடியை அவர் ஒரு நாள் அவிழ்த்து மறுபடி கட்டினார். அந்த முடிச்சை இன்றுவரை எங்களால் அவிழ்க்க முடியவில்லை.

பங்குனியில் ஏஜென்ட் அம்மாள் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்க வந்தார். அண்ணா எழுந்து உட்கார்ந்தார்.

"கமிஷன் வாங்கிண்டு போனேளே, எது உண்டு, எது இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னேளா? உங்களை நம்பித்தானே என்ஜின் போட்டேன்? வெறும் காகிதத்தை வித்துட்டுப் பழத்தோட வந்திருக்கேளா?"

அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன். அன்றைய டயரி: ஏஜென்ட் அம்மாள் வந்தார், நாலரை மணி. அண்ணா கோபித்துக்கொண்டார். வெயில் அதிகம்.

ஒரு வாரம் கழித்து மேற்கு மாம்பலம் போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் உள்ளே வரச் சொல்லவில்லை.

"மன்னிச்சுடுங்கோ" என்றேன்.

"எங்கிட்ட என்ன சார்? நான் நாலு இடத்துல திட்டு வாங்கறவ. மன்னிக்க வேண்டியவர் உங்காத்து முன்னறையில இருக்கார்."

பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அண்ணா ஜன்னலோரம் உட்கார்ந்து டிரான்சிஸ்டரில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். ஃபைலிலிருந்து பாலிசியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து படித்தார். "விலாசம் சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு தட்டச்சு வரிக்கு வந்தார். அதன்மேல் விரலை வைத்தார்.

"அந்த உற்சவக் கூட்டத்தில நீங்க மயங்கி விழுந்தது. நான்தான் எழுதினேன். அந்தம்மா உங்களைக் கேக்கச் சொன்னா. நான் கேக்கலை."

அவர் காகிதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் பச்சை மையில் நான் எழுதிய தேதி இருந்தது.

"இது வந்த தேதியா?"

"ஆமாம்."

"அப்போ நீ இந்த வரியைப் படிச்சது, என்ஜின் வாங்கினதுக்கு அப்புறமா, முன்னாடியா?"

டயரியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"மூணு வாரம் முன்னாடி."

அவர் கண்ணாடியைக் கழற்றி, பாலிசியை அதன் மடிப்புப்படியே மடித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.