‘உதவியை மறுத்தார்’

கெய்னருக்குக் கைதான் முந்தும், வாய் பிறகுதான் வரும். மீன் கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து மேஜையில் இத்தனை வருஷமாக மீன் அறுக்கிறேன், எனக்குத் தெரியாதா? இடுப்பைக் கிள்ளிய சூப்பர்வைசரை ஐஸ் தொட்டிக்குள் தலைகீழாகத் தள்ளினவள். அம்மா போன பிறகு தங்கை ஷெரிலைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்ததும் அதே கைதான்.

ஷெரிலின் புருஷன் டாரன் அவளை அடித்த அடி கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடவை தாடை உடைந்தது. ஒரு தடவை கொதிக்கிற தண்ணீரை முதுகில் ஊற்றினான். போனில் யாரிடமோ சிரித்துப் பேசினாள் என்று விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான், பாவி. கெய்னர் அவனை பப்பில் பிடித்து, எல்லார் முன்னாலும் மூக்கை உடைத்தாள். அதற்கும் சேர்த்து வீட்டில் வாங்கியது ஷெரில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தபோதே, இரும்பு வாணலியால் அவள் மண்டையைப் பிளந்தான். கூடத்தில் குழந்தை ஏமி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். டாரனுக்கு ஆயுள் தண்டனை. ஏமி கெய்னரிடம் வந்துவிட்டாள்.

வீட்டு ஆளே அடித்துக் கொன்றால், போலீஸ், ஆஸ்பத்திரி, நகர கவுன்சில் எல்லாரும் குழுவாகக் கூடி, எங்கே தவறவிட்டோம் என்று ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். எங்கள் நாட்டில் அது சட்டம். அச்சுக்குப் போகுமுன் குடும்பத்துக்கும் காட்டுவார்கள். கெய்னர் அதைப் படித்துவிட்டு என் வீட்டுக் கதவை இடித்தாள்.

“மறுத்தாளாம்டி! போலீஸ் பலமுறை கேட்டும் ஷெரில் உதவியை மறுத்தாளாம்! நாளைக்கு ஏமி பெரியவளாகி இதைப் படிச்சா என்ன நினைப்பா? அம்மா வேணும்னே செத்தாங்கன்னுல்ல நினைப்பா!”

அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லத்தான் இருவரும் போனோம். கவுன்சில் கட்டடத்தில் நீள மேஜை, டீ, பிஸ்கட். கொலையைப் பற்றிப் பேசக் கூடினாலும் எங்கள் ஆட்களுக்கு பிஸ்கட் இல்லாமல் முடியாது. அறிக்கைக் குழுவின் தலைவி திருமதி ஆஷ்வொர்த் நல்ல மனுஷிதான். போலீஸ் தரப்பில் இன்ஸ்பெக்டர் ஹோல்ராய்ட் வந்திருந்தார்.

“வீட்டுக்குப் போன ஒவ்வொரு தடவையும் எங்க ஆளுங்க கேட்டிருக்காங்கம்மா,” என்றார் அவர். “நல்லாத்தான் இருக்கேன்னு உங்க தங்கச்சியே சொல்லியிருக்காங்க.”

“டாரன் எங்க இருந்தான்?”

“பக்கத்துலதான். அவங்களைப் பிடிச்சுக்கிட்டு நின்னாராம். ஆதரவா.”

“ஆதரவாவா? இப்படியா?”

நான் எழுவதற்குள் அவள் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டாள். ஒரு கை அவர் பிடரியில். முன்னாலிருந்து பார்த்தால் தட்டிக்கொடுப்பது போலத்தான் இருந்தது. அறுக்கும் மேஜையில் முறுக்கேறிய விரல்கள் அவை. கட்டைவிரல் காதுக்குக் கீழே சதைக்குள் இறங்கியது. ஹோல்ராய்டின் முகம் சிவந்தது.

“இப்பக் கேளுங்கம்மா இவரை,” என்றாள் தலைவியிடம்.

திருமதி ஆஷ்வொர்த் வெலவெலத்துப்போய், “இன்ஸ்பெக்டர், நீங்க... நல்லா இருக்கீங்களா?” என்றாள்.

“நல்லாத்தான் இருக்கேன்,” என்றார் ஹோல்ராய்ட்.

கால் ஒடிந்து கிடப்பவனைக் கேட்டாலும் இங்கே இதைத்தான் சொல்வான். அவருக்கும் யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

“விடுடி கெய்னர்!” என்று கத்தினேன். அவள் விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்தேன். அந்தக் கையில் இருந்த வெறியைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

தலைவி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். “இதுக்குப் பதிலா என்ன எழுதட்டும்?”

“தனியா கூப்பிட்டு ஒருத்தரும் கேக்கலைன்னு எழுதுங்க.”

எழுதினாள். ஹோல்ராய்டும் அதை மறுக்கவில்லை.

வெளியே நடையில் அவர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். புகார் கொடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சட்டைக் காலருக்கு மேலே விரல் தடங்கள் கன்றியிருந்தன. கெய்னர் அவற்றைப் பார்த்தாள். தன் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“வலிக்குதா?” என்று கேட்டாள்.

“இல்ல, நான் நல்லா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது.

“வலிக்குதும்மா,” என்றார்.