சுண்ணாம்புக் குழிக்கு நடுவே பத்து சென்ட்

கல்லெடுத்து முடித்த சுண்ணாம்புச் சுரங்கம் ஒன்றை ஏரியும் தோப்புமாக மாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு படம் பார்த்தேன். நீர் பச்சை, கரை பச்சை, வானம்கூட லேசாகப் பச்சை. இப்படிப்பட்ட இடங்களை அவற்றின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

பெரம்பலூரில் தங்கினேன். அறை வாடகை எண்ணூறு ரூபாய். அங்கிருந்து அரியலூருக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருபவர்கள் ரயிலில் நேரே அரியலூரில் இறங்கிவிடலாம். என் சுற்றுவழி தேவையில்லை. பூங்காவுக்கு இணையத்தில் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. ஒரு சீட்டில் ஐந்து பேர் போகலாம்.

அரியலூர் பஸ் நிலையத்தில் ராஜேந்திரன் என்பவரின் ஆட்டோ கிடைத்தது. பதினான்கு கிலோமீட்டர் போய், காத்திருந்து, திரும்பி வர அறுநூறு ரூபாய். என் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"அஞ்சு பேருன்னு போட்டுருக்கே சார்?"

"நான் ஒருத்தன்தாங்க."

"அப்ப நாலு எடம் சும்மாத்தான கெடக்கு" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

அவருடைய குலதெய்வம் முனியப்பர் அந்தச் சுரங்கத்துக்குள் இருக்கிறார். சுரங்கம் வந்தபோது ஊரார் நிலத்தையெல்லாம் விற்றார்கள், சாமி நின்ற பத்து சென்ட்டை மட்டும் தர மறுத்தார்கள். நிர்வாகம் அதை மதித்தது. பத்து சென்ட்டை விட்டுவிட்டுச் சுற்றிலும் பத்து மாடி ஆழத்துக்குத் தோண்டியது. இப்போது குழியில் தண்ணீர், நடுவே மண்திட்டு, அதற்குப் போக ஒரு லாரி அகலத்துக்கு ஒரே ஒரு பாதை. பொங்கலுக்குள் அந்தப் பாதையை வெட்டிவிட்டுத் திட்டைப் பறவைத் தீவாக்கப் போகிறார்களாம். ராஜேந்திரனின் மகளுக்கு ஒன்றரை வயது. முதல் மொட்டை முனியப்பருக்குத்தான் போட வேண்டும். அதற்குள் பிடிமண் எடுத்தாக வேண்டும். சாமி நிற்கும் இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் போய் வேறிடத்தில் வைத்தால், சாமியும் அங்கே வந்துவிடும். ஆனால் சுற்றுவட்டாரக் கிராம முகவரியைக் கொடுத்தால், சீட்டுக்குப் பதில் 'பிறகு முயலவும்' என்றுதான் வருகிறது.

"சாமிகிட்ட கேட்டீங்களா?"

"பூ போட்டுக் கேட்டாச்சு சார். வரேன்னு சொல்லிடுச்சு. கேட்டுல இருக்கறவங்கதான் இன்னும் ஒத்துக்கல."

கல்லங்குறிச்சி சாலையில் ஒரு டீக்கடையில் அவர் மனைவி தமிழரசி குழந்தையோடு காத்திருந்தார். சீட்டில் நான் குடும்பஸ்தன் ஆனேன்.

பூங்கா வாசலில் 'இயற்கை இங்கே திரும்பி வருகிறது' என்று பலகை. உள்ளே மரங்கள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் அணிவகுத்து நின்றன. முன்வரிசையின் இலைகளைத் தண்ணீர் லாரி ஒன்று கழுவிக்கொண்டிருந்தது. பின்வரிசைகள் சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருந்தன. குயில் கூவியது. கார்த்திகையில் குயிலா என்று தேடினேன். பாறை வடிவத்தில் செய்த பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து கூவியது. நிஜப் பறவை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. சுண்ணாம்பு கரைந்த நீர் பாலில் பச்சை கலந்ததுபோல் அசையாமல் கிடந்தது. கரையில் எங்கள் நிழல் விழுந்தது, நீரில் விழவில்லை.

பாதையில் இருபுறமும் பார்க்காமல் நடந்தோம். திட்டின்மேல் தோட்ட வடிவமைப்பாளர்கள் எங்களை முந்தியிருந்தார்கள். எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்த செம்மண்ணையும் தேங்காய் நார்த்தூளையும் கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். முனியப்பர் ஓர் உயரமான கல். இடுப்புவரை புதைந்து நின்றார்.

ராஜேந்திரன் குனிந்து ஒரு பிடி அள்ளினார். தமிழரசி வாங்கி முகர்ந்தார்.

"ஏங்க, இது எந்தூரு மண்ணு? உரக்கடை வாசம் அடிக்குது. இதக் கொண்டுபோயி வச்சா யாரு வருவா, உரக்கடக்காரனா?"

"அதான் தோண்டுறேன்ல. செத்த சும்மா இரு புள்ள."

முழங்கை வரை கையை விட்டுத் தோண்டினார். கல்லின் அடியில், வருஷக்கணக்கில் விளக்கெண்ணெய் சொட்டிக் கறுத்த மண் வந்தது. தமிழரசி முகர்ந்துவிட்டு மஞ்சள் துணியை விரித்தார்.

முடிச்சுப் போடும்போது எச்சரிக்கைச் சங்கு ஊதியது. குயில் பாதிக் கூவலில் நின்றது. பக்கத்துச் சுரங்கத்தில் வெடி. ஓசைக்கு முன்னால் அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. திட்டின் ஓரத்தில் ஒரு பாய் அளவு மண் சத்தமில்லாமல் நீருக்குள் இறங்கியது. குழந்தை அழவில்லை. கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, மஞ்சள் துணியைப் பார்த்துக் கும்பிட்டது. யாரும் சொல்லித்தரவில்லை.

"திரும்பிப் பாக்காம வாங்க சார்" என்றார் ராஜேந்திரன்.

வெளிவாசலில் காவலர் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'பூங்காவிலிருந்து மண், கல் எதையும் எடுத்துச் செல்லக்கூடாது' என்று அறிவிப்பு. பத்து மாடி ஆழத்துக்கு எடுத்துச் சென்றவர்கள் எழுதியது. ராஜேந்திரனுக்கு வியர்த்தது. அகப்பட்டால் துணியைப் பிரித்துக் கொட்டிவிடுவார்கள். மறுபடி உள்ளே வர இன்னொரு வெளியூர்க்காரனைப் பிடிக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு மேசை. விருந்தினருக்குத் தலைக்கு ஒரு மரக்கன்று இலவசம். தமிழரசி புங்கங்கன்று ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் போனார். திரும்பியபோது கன்று இருந்தது, அதன் கறுப்பு நாற்றுப் பையும் இருந்தது, மஞ்சள் துணி காலியாக இடுப்பில் செருகியிருந்தது. கன்றை என் கையில் கொடுத்தார்.

காவலர் அதை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "கனமா இருக்கே."

"தண்ணி ஊத்திருக்குங்கண்ணே" என்றார் தமிழரசி.

"தெனம் ஊத்தும்மா. பாதிக் கன்னு பொழைக்கறதே இல்ல."

வழியில் அது தரையில் படக்கூடாதாம். பதினான்கு கிலோமீட்டரும் என் மடியில் வந்தது. போகப் போகக் கனத்தது. வேகத்தடைகள் காரணமாக இருக்கலாம், நான் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் குழி தயாராக இருந்தது. மறுவாரம் படம் அனுப்பினார்கள்: சந்தனம் பூசிய சின்ன மொட்டைத் தலை, பக்கத்தில் புங்கங்கன்று. இரண்டும் நன்றாக இருக்கின்றன.

போக நினைப்பவர்களுக்கு: உள்ளே நிழலும் கடையும் இல்லை, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். பிற்பகலில் வெடி உண்டு, முற்பகலே நல்லது. சீட்டில் ஐந்து இடத்தையும் வாங்குங்கள். அரியலூரில் ஆட்டோ பிடிக்கும்போது யாருக்காவது வேண்டுமா என்று கேளுங்கள்.

திட்டு மேற்குக் கரையிலிருந்து நன்றாகத் தெரியும். இடுப்புவரை புதைந்த கல்லைப் பார்த்துச் சிலர் செருப்பைக் கழற்றிக் கும்பிடுவார்கள். நீங்கள் கும்பிட வேண்டாம். அங்கே யாரும் இல்லை.